வெளிநாட்டுப் பிள்ளைகளோடு நம் பிள்ளைகள்: பெற்றோர்கள் கேட்ட கேள்விகளும் எங்கள் பதிலும்



நமது அறக்கட்டளையின் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சென்ற ஆண்டு ஜப்பான் நாட்டுத் தொடக்கப்பள்ளி ஒன்றின் பிள்ளைகளோடு ஐந்து மாத காலம் கடிதமும் படமும் குரல்பதிவும் பரிமாறிக்கொண்டார்கள். இதைப் பற்றி ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதும், கடைத்தெருவிலும், நிக்காஹ் வீட்டுப் பந்தியிலும் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகள் அதிகம். "பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து யாரோடோ பேச விடுகிறீர்களாமே?" என்றார் ஒருவர். "ஜப்பானுக்கு ஆள் எடுக்கிறார்களா?" என்று இன்னொருவர் ஆர்வத்தோடு கேட்டார். இந்த ஆண்டும் தொடங்க இருப்பதால், நடந்ததை நடந்தபடி, எங்கள் தவறுகளையும் சேர்த்து, இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. முன்பின் தெரியாத ஒருவரோடு நம் பிள்ளை தனியாகப் பேசும் ஏற்பாடு அல்ல இது. ஒரு வகுப்பு இன்னொரு வகுப்புக்கு எழுதுகிறது. இரண்டு பக்கமும் ஆசிரியர்கள் நடுவில் நிற்கிறார்கள். பிள்ளைகள் கையில் செல்போன் கிடையாது, அவர்கள் பெயரில் மின்னஞ்சல் கணக்கும் கிடையாது. அவர்கள் எழுதியதையும் வரைந்ததையும் ஆசிரியை படம் பிடித்துப் பள்ளிக்கூடத்தின் கணக்கிலிருந்து அனுப்புவார். அங்கிருந்து வருவதைத் தாம் முதலில் பார்த்துவிட்டுத்தான் வகுப்பில் பெரிய திரையில் காட்டுவார். ஐந்து மாதத்தில் வீடியோவில் நேருக்கு நேர் சந்தித்தது ஒரே ஒரு முறை, அதுவும் அரை மணி நேரம்.

இது கொரோனாவுக்குப் பிறகு வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்ஸின் தெற்கே ஒரு மலைக்கிராமத்தில் செலஸ்டன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் இருந்தார். முதல் உலகப்போரில் நுரையீரலில் குண்டு பாய்ந்தவர். நெடுநேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த அவருக்கு மூச்சு போதாது. 1924ல் வகுப்புக்கு ஒரு சிறிய அச்சுக்கருவி வாங்கி வைத்தார். பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சேதியைத் தாங்களே எழுதி, எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். நாட்டின் மறு கோடியில், பிரிட்டனி கடற்கரையில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு அதைத் தபாலில் அனுப்பினார்கள். பதிலுக்கு அங்கிருந்து கடலோர வாழ்க்கை வந்தது. அச்சுக்கருவியும் தபாலும்தான் அன்றைய தொழில்நுட்பம்.

நாடு விட்டு நாடு கணினி வழியாக இதைச் செய்த முயற்சிகளில் பெரியது 1988ல் தொடங்கியது. அமெரிக்காவும் சோவியத் நாடும் ஒன்றை ஒன்று எதிரியாகப் பார்த்த காலம் இன்னும் முடியவில்லை. நியூயார்க் மாநிலத்தில் 12 பள்ளிக்கூடங்களும் மாஸ்கோவில் 12 பள்ளிக்கூடங்களும் மின்னஞ்சலால் இணைக்கப்பட்டன. அதிலிருந்து வளர்ந்ததுதான் ஐஏர்ன் என்னும் கல்வி வலையமைப்பு. பின்னாளில் அது 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. 1990ல் நார்வேயில் கிட்லிங்க் தொடங்கியது. அதில் சேரும் பிள்ளைகள் முதலில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்: தான் யார், பெரியவரானால் என்ன ஆக விருப்பம், உலகம் எப்படி மேம்பட வேண்டும், அதற்கு இப்போதே தன்னால் ஆவது என்ன. 2005ல் ஐரோப்பிய ஒன்றியம் இ-ட்வின்னிங் என்ற பெயரில் இதைப் பெரிய அளவில் அமைத்தது. துருக்கிப் பள்ளிக்கூடங்களும் பின்னர் அதில் சேர்ந்தன.

நாங்கள் எடுத்துக்கொண்ட முறை, ஐஏர்னில் நெடுங்காலமாக நடந்துவரும் கரடிப் பொம்மைத் திட்டத்தைப் போன்றது. இரண்டு வகுப்புகளும் ஆளுக்கொரு துணிப்பொம்மையைத் தபாலில் மாற்றிக்கொள்ள வேண்டும். விருந்தாளியாக வந்த பொம்மை ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போகும். அங்கே கண்டதை, அந்தப் பொம்மையே எழுதுவதுபோல் பிள்ளை நாட்குறிப்பு எழுதும். அது கணினி வழியே மறுநாட்டு வகுப்புக்குப் போய்விடும். கேட்க விளையாட்டாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் "உன்னைப் பற்றி எழுது" என்றால் மூன்று வரியில் முடித்துவிடும். "உன் வீட்டுக்கு வந்த கரடி என்ன பார்த்தது?" என்றால் இரண்டு பக்கம் எழுதுகிறது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் சிலர்தான் அதிகமாக எழுதினார்கள்.

ஜப்பானிலிருந்து ஒரு பழுப்பு நிறக் கரடி வந்தது. இங்கிருந்து, நமது தையல் பயிற்சி மையத்துச் சகோதரிகள் மீதத் துணியில் தைத்த யானை போனது.

கரடி வீட்டுக்கு வந்த முதல் வாரமே ஒரு நன்னி கரடியைத் திண்ணையோடு நிறுத்திவிட்டார். உருவம் இருக்கும் வீட்டுக்கு மலக்குகள் வரமாட்டார்கள் என்பது அவர் கேட்டு வளர்ந்த செய்தி. பேரப்பிள்ளை அழ, விஷயம் எங்களிடம் வந்தது. இதை நாங்கள் முன்பே யோசித்திருக்க வேண்டும். இமாம் ஹஜ்ரத்திடம் கேட்டோம். ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகளோடு விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காததும் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கின்றன. அதைக்கொண்டே பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மையை மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதித்திருக்கிறார்கள் என்று விளக்கினார். அந்த நன்னியின் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். கரடி உள்ளே போனது. ஆனாலும் இரவில் துணியால் மூடித்தான் வைத்தார்களாம். அதுவும் நாட்குறிப்பில் வந்துவிட்டது: "எனக்குக் குளிரும் என்று நன்னி போர்த்திவிட்டார்கள்."

சரி, இதில் பிள்ளைகள் கற்றது என்ன என்பது அடுத்த கேள்வி. புஜி மலையின் உயரமா, தலைநகரின் பெயரா? அவை பாடப்புத்தகத்திலேயே இருக்கின்றன. பிள்ளைகளைப் பிடித்தது சின்னச் சின்ன விஷயங்கள். அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் வேறு செருப்பு மாற்றிக்கொள்கிறார்கள். மதிய உணவைத் தாங்களே தட்டில் பரிமாறி வகுப்பிலேயே சாப்பிடுகிறார்கள். பிறகு துடைப்பமும் துணியும் எடுத்து வகுப்பையும் நடைபாதையையும் தாங்களே துடைக்கிறார்கள். இதைப் படத்தில் பார்த்த நம் பிள்ளைகள் சனிக்கிழமை தங்கள் வகுப்பைத் தாங்களே கூட்டினார்கள். ஒரு தகப்பனார் திங்கட்கிழமை வந்து, "ஃபீஸ் கட்டித்தானே அனுப்புகிறோம், பிள்ளை எதற்குக் கூட்ட வேண்டும்?" என்றார். அவருக்குத் தலைமையாசிரியை என்ன பதில் சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. மகன் இப்போதும் கூட்டுகிறான்.

நோன்புக் கஞ்சி விஷயத்தையும் சொல்ல வேண்டும். ரமலானுக்கு முந்தைய வாரம் வீடியோ சந்திப்பு. நமக்குக் காலை 10 மணி, அவர்களுக்குப் பிற்பகல் 1.30. நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் கஞ்சி குடிப்போம் என்று நம் பிள்ளைகள் சொல்ல, ஆசிரியை ஆங்கிலத்தில் விளக்கும்போது 'கஞ்சி' என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. நம் பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. பிறகுதான் அந்த ஆசிரியை சொன்னார்: சீன வழியாக வந்த தங்கள் எழுத்துகளை அவர்கள் 'கஞ்சி' என்றுதான் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்பு முடிவதற்குள் அவர்கள் 1,026 கஞ்சி எழுத்துகள் கற்க வேண்டும். "நாங்கள் எழுதிக் கை வலிக்கிறது, நீங்கள் குடித்தே விடுகிறீர்களே!" என்று ஒரு பையன் கேட்டானாம். அப்புறம் இரு பக்கமும் சிரிப்பு. அரிசிக் கஞ்சி அவர்களுக்கும் உண்டு, உடம்புக்கு முடியாதவர்களுக்குக் கொடுப்பது. அதற்கு அங்கே வேறு பெயர்.

தண்ணீர்கூடக் குடிக்க மாட்டீர்களா, யார் பார்க்கப் போகிறார்கள் என்றும் அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வேண்டும் என்று பிள்ளைகள் மக்தபில் உஸ்தாதைத் துளைத்து எடுத்துவிட்டார்கள். வீட்டில் அத்தாவிடமும் அம்மாவிடமும் கேட்டார்கள். "பிற நாட்டுப் பழக்கம் பார்த்து நம் பிள்ளைகள் தீனை விட்டு விலகிவிடுவார்களோ" என்று அஞ்சிய பெற்றோர்களுக்கு நாங்கள் கண்டதைச் சொல்கிறோம்: அடுத்தவன் கேட்டால்தான் நம் பிள்ளை தன்னுடையதைத் தேடிப் படிக்கிறது. மனிதர்களைப் பல சமூகங்களாக ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளத்தான் என்ற கருத்து சூரா ஹுஜுராத்தின் 13ஆம் வசனத்தில் வருகிறது. அதை மனப்பாடம் செய்த பிள்ளைகள் இந்த வகுப்பிலேயே இருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட எங்கள் மனத்தில் நின்றது வேறொன்று. ஒரு பெண்பிள்ளையின் வீட்டில் கரடியைப் பார்த்த நன்னி, ஜப்பான் என்றதும், "சுனாமி வந்த ஊர்தானே?" என்றாராம். 2004 டிசம்பர் 26ஆம் தேதி நம் கடற்கரையில் நடந்ததைப் பேத்திக்கு முதன்முறையாக அன்றிரவு சொல்லியிருக்கிறார். தண்ணீர் வந்த பக்கம், ஓடிய தெரு, திரும்பி வராத இரண்டு பேர். பிள்ளை அதைக் கரடியின் வாயால் எழுதியது. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. சுனாமி என்பதே தங்கள் மொழிச் சொல் என்றும், 2011 மார்ச் 11ஆம் தேதி தங்கள் நாட்டிலும் அது வந்தது என்றும், அப்போது தாங்கள் பிறக்கவில்லை, பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும் என்றும் எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு படம்: பூகம்பம் என்று மணி அடித்ததும் எல்லாரும் மேசைக்கு அடியில் புகுந்து மேசைக் காலைப் பிடித்திருக்கிறார்கள். அங்கே பள்ளிக்கூடங்களில் இப்படிப் பயிற்சி அடிக்கடி நடக்கும்.

நம் பிள்ளைகள் தலைமையாசிரியையிடம் கேட்ட கேள்வி: "நமக்கு ஏன் டீச்சர் இது இல்லை?"

அந்தக் கேள்வி நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு வந்தது. 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகள் போனதை மறந்தவர் எங்களில் யாரும் இல்லை. தீயணைப்புக் கருவி சுவரில் மாட்டியிருக்கிறது, சான்றிதழும் இருக்கிறது. ஆனால் மாடி வகுப்புப் பிள்ளைகளை எத்தனை நிமிடத்தில் இறக்க முடியும் என்று நாங்கள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்த்தோம். முதல் முறை எட்டு நிமிடம் ஆனது. மாடிப்படி அடியில் பழைய பெஞ்சுகள் அடுக்கியிருந்ததே காரணம். பெஞ்சுகளை அன்றே அகற்றினோம். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பயிற்சி நடக்கிறது.

இனி, அறக்கட்டளை என்ற முறையில் எங்களைச் சங்கடப்படுத்திய ஒன்று. அங்கிருந்து வந்த இரண்டாவது கடிதத்தில், உங்கள் பிள்ளைகளுக்கு என்ன தேவை, பென்சில், நோட்டுப் புத்தகம் அனுப்பலாமா என்று அன்போடு கேட்டிருந்தார்கள். குழுவில் இரண்டு கருத்து. வருவதை ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றார்கள் சிலர். ஜகாத்தும் ஸதகாவும் வாங்கிப் பகிரும் அமைப்பு நம்முடையது. உதவி வாங்குவதில் வெட்கம் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு இடையில் ஒருவர் கொடுப்பவர், ஒருவர் வாங்குபவர் என்று ஆகிவிட்டால் பிறகு அங்கே பேச்சு இல்லை, நன்றிக் கடிதம்தான் இருக்கும். கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954ல் எழுதிய நூலில், வெவ்வேறு கூட்டத்தார் சந்திப்பதால் மட்டும் தப்பெண்ணம் குறைந்துவிடாது என்கிறார். அந்தச் சந்திப்பில் இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும். பொதுவான ஒரு வேலை வேண்டும். அதைச் சேர்ந்து செய்ய வேண்டும். பெரியவர்களின் ஆதரவும் வேண்டும். "பொருள் எதுவும் வேண்டாம், எங்கள் யானைக்குக் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பிள்ளைகளையே எழுத வைத்தோம். அதன்பின் பொருள் பேச்சு வரவில்லை.

இப்போது பெற்றோர் ஒப்புதல். இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். வகுப்பில் 34 பிள்ளைகள். தொடக்கத்தில் கையெழுத்தோடு வந்த படிவங்கள் 23. வராத 11 பேரை, விவரம் புரியாதவர்கள் என்றே நாங்கள் எண்ணினோம். ஒரு தாயாரிடம் கேட்டபோது, "அவங்க அத்தா குவைத்ல இருக்காங்க, கேட்டுட்டுத்தான் போடுவேன்" என்றார். அந்த அத்தாவுக்குக் குரல்பதிவில் எல்லாவற்றையும் விளக்கி அனுப்பினோம். அவரிடமிருந்து வந்த பதிலில் இரண்டு கேள்விகள்தாம். "என் மகளின் குரலும் அவள் வரைந்ததும் வருஷம் முடிந்தபின் யாரிடம் இருக்கும்? அந்த டீச்சர் வேறு ஊருக்கு மாறிப் போனால் யார் பொறுப்பு?"

எங்களிடம் பதில் இல்லை. படிவத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2023ல் நம் நாட்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று சொல்கிறது. ஒப்புதல் கேட்டோமே தவிர, எதற்கு ஒப்புதல் என்று நாங்கள் சொல்லவில்லை. புரியாதவர்கள் அவர்கள் அல்ல, நாங்கள்தாம்.

ஜப்பான் ஆசிரியையோடு பேசி விதிகளை எழுதினோம். பிள்ளைகளின் முகம் தெரியும் படம் அனுப்புவதில்லை. கைகள், சாப்பாட்டுப் பெட்டி, ஓவியம், தெரு, பின்பக்கமிருந்து எடுத்த வகுப்புப் படம் போதும். பெயரில் முதல் பெயர் மட்டும். வீட்டு முகவரியோ செல்போன் எண்ணோ எதிலும் வராது. வாட்ஸ்அப் குழு, முகநூல், யூடியூப் எதிலும் யாரும் போடக் கூடாது. இந்த இதழுக்கும் அது பொருந்தும், ஆகவேதான் இந்தக் கட்டுரையோடு படம் இல்லை. வீடியோ சந்திப்பைப் பதிவு செய்வதில்லை. மார்ச் இறுதியில் இரு பக்கமும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காகிதத்தில் அச்சிட்ட ஒரு தொகுப்பு மட்டும் வகுப்பில் இருக்கும். ஆசிரியை மாறினாலும் பொறுப்பு தலைமையாசிரியையுடையது. புதிய படிவம் போனபின் மேலும் ஆறு பேர் கையெழுத்திட்டார்கள். குவைத்தில் இருக்கும் அந்தச் சகோதரரும் அவர்களில் ஒருவர்.

கடைசி வரை ஐந்து பெற்றோர் சம்மதிக்கவில்லை. அது அவர்கள் உரிமை. ஆனால் வீடியோ சந்திப்பு நடந்த அரை மணி நேரமும் அந்த ஐந்து பிள்ளைகளைப் பக்கத்து அறையில் வண்ணம் தீட்ட உட்கார வைத்தோம். சிரிப்புச் சத்தம் சுவர் வழியே கேட்டுக்கொண்டிருந்தது. "நாங்க என்ன தப்பு செஞ்சோம்?" என்று அதில் ஒரு பையன் கேட்டதை உடனிருந்த ஆசிரியை எங்களிடம் சொன்னார். இந்த ஆண்டு அப்படிச் செய்ய மாட்டோம். சம்மதிக்காத வீட்டுப் பிள்ளைகள் கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் அமர்ந்து திரையைப் பார்க்கலாம், கேள்வி எழுதித் தரலாம். அவர்கள் முகமும் குரலும் பெயரும் வெளியே போகாது. இதற்கும் பெற்றோர் வேண்டாம் என்றால், அன்று வகுப்பு முழுவதற்கும் வேறு நேரத்தில் இன்னொரு நல்ல நிகழ்ச்சி வைப்போம்.

செலவு பற்றியும் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஏற்கனவே இருந்த ஒரு கணினி, ஒரு திரை, இணைய இணைப்பு. புதிதாகச் செலவானது யானையின் தபால் கட்டணம் மட்டும். அதை ஒரு சகோதரர் ஏற்றுக்கொண்டார். இதற்காக எந்த வீட்டிலும் செல்போனோ டேப்லெட்டோ வாங்க வேண்டாம். கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். உலகெங்கும் வகுப்புகளை இணைக்கப் பயன்பட்ட ஸ்கைப்பே 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. நேரமும் நாட்காட்டியும்தான் உண்மையான தொல்லை. அவர்களுக்குப் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, நமக்கு ஜூனில் தொடங்குகிறது. அவர்கள் கோடை விடுமுறை, நம் காலாண்டுத் தேர்வு, மழை விடுமுறை எல்லாம் கழித்தால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரைதான் மிஞ்சுகிறது. மொழியும் சிரமம்தான். ஒன்பது வயதில் அவர்களுக்கும் ஆங்கிலம் தெரியாது, நம் பிள்ளைகளுக்கும் அரைகுறை. எழுதுவதைத் தமிழிலேயே எழுதச் சொல்லி, படம் வரைந்து, கீழே ஆசிரியை எளிய ஆங்கிலத்தில் குறிப்பு எழுதினார். தாய்மொழியில் எழுதியதால்தான் நன்னியின் சுனாமிக் கதை முழுதாக வந்தது என்பது எங்கள் எண்ணம்.

இந்த ஆண்டு நான்காம் வகுப்பில் 37 பிள்ளைகள் இருக்கிறார்கள். புதிய ஒப்புதல் படிவம் தமிழில் இரண்டு பக்கம். அடுத்த வாரம் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவோம். வெளிநாட்டில் இருக்கும் தகப்பனார்களுக்காக அதைக் குரல்பதிவாகவும் வைத்திருக்கிறோம். கேட்பவர்களுக்கு அலுவலகத்திலிருந்து அனுப்பப்படும். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அஸருக்குப் பின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், தாய்மார்களுக்குத் தனி இட வசதி உண்டு. சென்ற ஆண்டுத் தொகுப்பு மேசையில் இருக்கும், புரட்டிப் பார்க்கலாம். கையெழுத்திட விருப்பம் இல்லாதவர்கள் படிவத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ள வேண்டாம். காரணத்தை அதிலேயே எழுதி அனுப்புங்கள். எங்கள் படிவத்தில் இன்னும் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது தேவைப்படுகிறது.

வஸ்ஸலாம்.

செயலாளர்
நிர்வாகக் குழுவுக்காக